பழைய பெடலா, ரீஇஷ்யூவா? கிட்டார் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிட்டார் வாசிப்பதோடு, நண்பர்களின் பெடல்களை (கிட்டாரின் ஒலியை மாற்ற, காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டிகள்) திறந்து பழுது பார்ப்பதும் என் வேலையாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மேசைக்கு வரும் பெடல் எதுவானாலும், கூடவே வரும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஒவ்வொரு முறையும் வாய்மொழியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ரீஇஷ்யூ என்று எதைச் சொல்கிறார்கள்? குளோனும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரு கம்பெனி முன்பு செய்து நிறுத்திவிட்ட பெடலை அதே பெயரில், ஏறக்குறைய அதே சர்க்யூட்டில் மறுபடி கொண்டுவந்தால் அது ரீஇஷ்யூ. 2004ல் ஐபனெஸ் திரும்பக் கொண்டுவந்த டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்808 இந்த வகை. பெயர் கைமாறிப் போய், வாங்கியவர் செய்தாலும் அப்படியே சொல்கிறோம். லண்டனில் ஆர்பிட்டர் செய்த, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலை இன்று அமெரிக்காவில் டன்லப் செய்கிறது. எம்எக்ஸ்ஆர் என்ற பெடல் கம்பெனியின் பெயரும் 1987ல் டன்லப் கைக்கு வந்ததுதான்.

குளோன் என்றால் பெயருக்கு உரிமை இல்லாத இன்னொருவர் அந்த சர்க்யூட்டைப் பார்த்துச் செய்தது. குளோன் என்றதும் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். சில குளோன்கள் அதிகாரபூர்வ ரீஇஷ்யூவை விட அசலுக்கு நெருக்கமாக இருப்பதை நானே அளந்து பார்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பழையதுதான் நன்றாக ஒலிக்கிறதா?

எந்தப் பழையது என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். 1970களின் பெடல்களில் இருந்த ரெசிஸ்டர்கள் (மின்னோட்டத்தைத் தடுக்கும் பாகங்கள்) அச்சிட்ட மதிப்பிலிருந்து 5, 10 சதவீதம் தள்ளி இருக்கலாம். மின்னேற்றத்தைச் சேமிக்கும் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களும், நாப்புக்குப் பின்னால் இருக்கும் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டர்களும் 20 சதவீதம்வரை விலகுவது அந்தக் காலத்தில் சாதாரணம். டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறனோ ஒரே பெட்டியில் இருந்து எடுத்த இரண்டுக்கு நடுவிலேயே ஒன்றுக்கு இரண்டாக வேறுபடும். ஆக ஒரே மாதம், ஒரே மேசையில் செய்த இரண்டு பெடல்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமே தவிர, இரட்டையர் மாதிரி இருக்காது.

பழைய பெடல் ஒன்றையும் ரீஇஷ்யூ ஒன்றையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கேட்கிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பழைய பெடல்களைப் பக்கத்தில் வைத்தாலும் அதே அளவு வித்தியாசம் கேட்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கேட்கும் கேள்வியே மாறிவிட்டது: இந்த சர்க்யூட்டில் இன்று கிடைக்காத பாகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பழையதைத் தேட ஒரு காரணம் இருக்கிறது. இல்லையென்றால் ரீஇஷ்யூ வாங்கி நிம்மதியாக வாசிக்கலாம். கீழே ஒவ்வொரு பெடலையும் இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன்.

டியூப் ஸ்க்ரீமரில் 808, 9, பழையது, புதியது என்று இத்தனை இருக்கிறதே, எதை எடுப்பது?

இன்று செய்யும் எதை வேண்டுமானாலும் எடுங்கள். மனதாரச் சொல்கிறேன்.

டிஎஸ்808 வந்தது 1979ல். ஐபனெஸ் பெயரில் விற்றாலும் ஜப்பானில் அதைச் செய்தது மாக்சன், வடிவமைத்தவர் சுசுமு தாமுரா. 1982ல் டிஎஸ்9 வந்தது. இரண்டுக்கும் நடுவே அத்தனை பேச்சு இருக்கிறது, ஆனால் சர்க்யூட்டில் முக்கிய வித்தியாசம் வெளியேறும் இடத்தில் இருக்கும் இரண்டே ரெசிஸ்டர்கள். 808ல் 100 ஓமும் 10 கிலோ ஓமும். டிஎஸ்9ல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். இரண்டின் விலையும் சில பைசா. டிஎஸ்9ஐத் திறந்து இந்த இரண்டையும் மாற்றினால் 808 ஆகிவிடும். பத்து நிமிட வேலை.

அந்தக் குரலின் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒலியைப் பெருக்கும் சிப்பின் ஃபீட்பேக் பாதையில் (வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கு உள்ளே திரும்பும் வழி) எதிரெதிராக இரண்டு டயோடுகள் உட்கார்ந்து அலையின் உச்சியை மெதுவாக வளைக்கின்றன. அதே பாதையில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. அதனால்தான் தடித்த கம்பிகள் குழம்பாமல் நடுக்குரல் மட்டும் முன்னுக்கு வருகிறது. ஸ்டீவி ரே வாகனின் சோலோவில் பேஸையும் டிரம்ஸையும் தாண்டி கிட்டார் தனியாகக் கேட்பதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு. இந்த மதிப்புகள் ரீஇஷ்யூவில் அப்படியே இருக்கின்றன.

சிப் விஷயம்: பழையதில் இருந்த ஜேஆர்சி4558டி என்ற எட்டுக்கால் சிப்புக்காக ஆட்கள் அலைகிறார்கள். என்னுடைய டிஎஸ்9ல் சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து, நான்கு வேறு சிப்புகளை மாற்றி மாற்றிச் சொருகி, நண்பர் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். டிரைவ் நாப்பைக் கால்வாசி திருப்பினால் கேட்கும் மாற்றத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவருக்குக் கேட்கவில்லை. எனக்கும்தான். 4558 இரட்டைச் சிப்புகள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. அதை நம்பிப் பழைய பெடலுக்குப் பல மடங்கு விலை தர வேண்டாம்.

ஜெர்மானியம் ஃபஸ்ஸும் அப்படித்தானா?

இல்லை. கதை மாறுவதே இங்கேதான்.

ஃபஸ் ஃபேஸ் 1966ல் லண்டனில் பிறந்தது. ஐவர் ஆர்பிட்டர் மைக் ஸ்டாண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்து அந்த உருண்டைப் பெட்டியைச் செய்யச் சொன்னார். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு நாப். மொத்தம் பதினொரே பாகம்! முதல் முறை திறந்தபோது பாதிப் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து வேறு ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்துப் பையில் தேடியிருக்கிறேன்.

பாகம் குறையக் குறைய ஒவ்வொன்றின் குணமும் அதிகமாகத் தெரியும். ஆரம்பத்தில் போட்டவை என்கேடி275 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஜெர்மானியத்தில் மின்சாரம் கொஞ்சம் சும்மாவே கசியும், அந்தக் கசிவு ஒவ்வொன்றிலும் வேறு. பெருக்கும் திறனும் வேறு. முதல் டிரான்சிஸ்டர் 70 பக்கமும் இரண்டாவது 120 பக்கமும் இருந்தால் அழகாக ஒலிக்கும் என்பது சர்க்யூட் செய்பவர்களிடையே பல காலமாகப் புழங்கும் கணக்கு. அந்தக் காலத் தொழிற்சாலையில் அப்படிப் பொறுக்கிப் போடவில்லை, கைக்கு வந்ததைப் போட்டார்கள். அதனால் 1967ன் ஃபஸ் ஃபேஸ்களில் சில தேன், சில தகர டப்பா. விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். 1960களின் கடைசியில் பிசி183, பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் வந்ததும் குரல் கூர்மையாகி, ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இரண்டு வகையையும் வாசித்திருக்கிறார்.

டன்லப் இன்று செய்யும் ஜெர்மானியம் பதிப்பிலும் ஜெர்மானியம்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் பீஸுக்கு பீஸ் மாறும். பழையது வாங்கினாலும் புதியது வாங்கினாலும் இந்தப் பெடலை மட்டும் காதால் கேட்காமல் வாங்காதீர்கள். கடையில் மூன்று இருந்தால் மூன்றையும் செருகிப் பாருங்கள். கேட்க வேண்டியது முழு இரைச்சலில் வரும் ஒலியை அல்ல. ஃபஸ்ஸை முழுக்க வைத்து, கிட்டாரின் வால்யூமை 10லிருந்து மெல்ல 6, 5 என்று இறக்குங்கள். நல்ல பீஸ் அப்போது கண்ணாடி மாதிரி தெளிந்து மணியடிக்கும். மோசமான பீஸ் மங்கி அடங்கிப்போகும்.

வெயிலில் ஃபஸ் செத்துப்போகும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். நம் ஊரில் ஜெர்மானியம் வாங்குகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியதே இதைத்தான். ஜெர்மானியத்தின் கசிவு, வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் இரு மடங்காகும். லண்டனில் 18 டிகிரி அறையில் சரிசெய்த பெடல் சென்னையில் மே மாத மதியம் 40 டிகிரியில் வேறு பெடலாகிவிடும்.

ஒரு கல்லூரி விழா. திறந்தவெளி மேடை, சாயங்கால நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே சவுண்ட் செக். நண்பரின் பழைய ஜெர்மானியம் ஃபஸ் வெயில்பட்ட கறுப்புத் தரைவிரிப்பின் மேல் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறது. வாசித்தால் நோட் பிறந்ததும் தொண்டையில் சிக்கின மாதிரி விக்கி விக்கி நிற்கிறது. கையை வைத்தால் பெட்டி சுடுகிறது. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் என்ற காலில் 9 வோல்ட் பேட்டரியில் பாதி, அதாவது 4.5 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். வீட்டில் ஏசி அறையில் அப்படித்தான் இருந்தது, நானே குறித்து வைத்திருந்தேன். மேடையில் மீட்டர் எங்கோ போயிருந்தது. கேண்டீனில் இருந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கி, துணி சுற்றி, பெடலை அதன்மேல் சாய்த்து நிழலில் வைத்தோம். கால் மணி நேரத்தில் குரல் திரும்பியது.

வெளியில் வாசிப்பதாக இருந்தால் சிலிக்கான் பதிப்பை எடுங்கள், அல்லது உள்ளே பயாஸ் திருகு (டிரான்சிஸ்டரின் அந்த வோல்டேஜைச் சரிசெய்வது) வைத்த புது ஜெர்மானியம் பெடல் எடுங்கள். அந்தச் சிறு திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய தயாரிப்பு பழையதை விடத் தெளிவாக மேல்.

பிக் மஃப் ரீஇஷ்யூ நான்கைந்து இருக்கின்றன. எது உண்மையான பிக் மஃப்?

எல்லாமே. நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் 1968ல் எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸைத் தொடங்கினார், அடுத்த வருடம் பாப் மையர் வடிவமைத்த பிக் மஃப் வந்தது. அதன்பிறகு சர்க்யூட்டின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மதிப்புகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சில மாற்றங்கள் யோசித்துச் செய்தவை, சில அன்றைக்குக் கிடங்கில் எது இருந்ததோ அது. ஆகவே ராம்ஸ் ஹெட் என்று பெயர்பெற்ற பழைய பிக் மஃப் வகையிலும் '1973ன் ராம்ஸ் ஹெட் ஒலி' என்று ஒன்று கிடையாது. அந்தப் பெயருக்குள் ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது.

கம்பெனி தன் பழைய வகைகளைச் சின்னப் பெட்டிகளில் திரும்பக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு வகையிலும் நன்றாக ஒலித்த ஒன்றைப் பிடித்து நகலெடுத்தது. எனக்கு அதில் முழுத் திருப்தி. டேவிட் கில்மர் பாணியில் நீண்டு பாடும் சோலோ வேண்டுமா, ராம்ஸ் ஹெட். 1990களில் ரஷ்யாவில் சோவ்டெக் பெயரில் செய்த பச்சைப் பெட்டியின் தடித்த அடிக்குரல் வேண்டுமா, 2017ல் வந்த கிரீன் ரஷ்யன். பேஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் சுவர் போன்ற கிட்டார் ஒலி பிடிக்குமென்றால் டிரான்சிஸ்டருக்குப் பதில் சிப் வைத்த ஆப்-ஆம்ப் வகை. பழையதில் பெரும்பாலும் பெட்டி பெரிது, பைபாஸும் மோசம். அணைத்து வைத்திருக்கும்போதும் சர்க்யூட்டின் தலை கிட்டாரோடு ஒட்டிக்கொண்டே இருந்து மேல்சுருதியைத் தின்னும். ரீஇஷ்யூவில் அந்தத் தொல்லை இல்லை.

ராட் பெடலில் எல்எம்308 சிப் இல்லையென்றால் வீண் என்கிறார்களே?

1978ல் அமெரிக்காவின் கலமசூவில் பிறந்த, ஒலியைக் கரகரப்பாக்கும் ராட்டில் எல்எம்308 இருந்தது. மிகவும் சோம்பேறிச் சிப், வோல்டேஜை மைக்ரோ விநாடிக்கு 0.3 வோல்ட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. அந்த மெத்தனம்தான் ராட்டின் மேல்முனையை மழுக்கி அந்தக் கரகரப்பைத் தந்தது. எல்எம்308 தயாரிப்பு நின்றதும் ஓபி07 போட்டார்கள். அதன் வேகமும் அதே 0.3. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. புது ராட்டை வாங்குங்கள்.

பழைய அனலாக் டிலே, கோரஸுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

டிலே எதிரொலி தரும், கோரஸ் பலர் சேர்ந்து வாசிப்பது போல ஒலியைத் தடிப்பாக்கும். இரண்டிலும் இருந்த சிப் காரணம். 1969ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் கண்டுபிடித்த ஒரு யோசனை, பெயர் பக்கெட் பிரிகேட். தீப்பிடித்த வீட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கை மாற்றுவார்களே, அதே மாதிரி. ஒலியின் ஒவ்வொரு துளியும் மின்னேற்றமாக ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி, கடைசியில் தாமதமாக வெளியே வரும். கைமாற்றும் வேகத்தை ஒரு கடிகாரத் துடிப்பு தீர்மானிக்கும்.

பானாசோனிக் குழுமம் செய்த எம்என்3005ல் இப்படி 4096 படிகள். 300 மில்லி விநாடி தாமதம் வேண்டுமென்றால் கடிகாரம் விநாடிக்குச் சுமார் 6800 முறைதான் துடிக்க முடியும். அந்த வேகத்தில் சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலியைச் சுமக்க முடியாது, ஆகவே அதை முன்பே வடிகட்டிவிடுகிறார்கள். பழைய டிலேயின் எதிரொலி மங்கலாக, அந்தி வெளிச்சம் மாதிரி வருவதன் காரணம் இந்தக் கணக்கு. அது ஒரு குறை, ஆனால் கிட்டாருக்கு அத்தனை பொருத்தமான குறை. எதிரொலி பின்னால் ஒதுங்கி நிற்க, நீங்கள் வாசிக்கும் நோட் முன்னால் நிற்கும்.

அந்தச் சிப்புகளின் தயாரிப்பை பானாசோனிக் நிறுத்திவிட்டது. பழைய பெடல் விலை ஏறியதற்கு அது பெரிய காரணம். பிறகு வேறு கம்பெனிகள் அதே வகைச் சிப்புகளை மறுபடி செய்ய ஆரம்பித்தன. பாஸ் 2014ல் டிஎம்-2டபிள்யூவை முழு அனலாக்காகவே கொண்டுவந்தது. 1981ன் டிஎம்-2 போலவே 300 மில்லி விநாடி, ஒரு ஸ்விட்சைத் தட்டினால் 800 வரை போகும். 2016ல் வந்த சிஇ-2டபிள்யூவில் 1979ன் சிஇ-2 கோரஸோடு 1976ன் பெரிய சிஇ-1ன் குரலும் ஒரே பெட்டியில் இருக்கிறது. சிஇ-1தான் பாஸ் பெயரில் வந்த முதல் பெடல். அதை வாங்கி, தூக்கிக்கொண்டு அலைந்த ஒருவரின் பையைத் தூக்கிப் பார்த்தவன் என்ற முறையில் இந்தச் சின்னப் பெட்டிக்கு நன்றி சொல்கிறேன்.

பழைய டிலே வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: உள்ளே இருக்கும் சரிசெய்யும் திருகுகள் நாற்பது வருடத்தில் நகர்ந்திருக்கும். 'பழைய பெடலின் அழுக்கு ஒலி' என்று விற்பவர் சொல்வது பல நேரம் பயாஸ் விலகியதால் வந்த முறிவு. ஆசிலாஸ்கோப் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்தால் எதிரொலி சுத்தமாகிவிடும்.

ஃபேஸ் 90ல் 'ஸ்கிரிப்ட்' என்றால் என்ன?

ஃபேஸ் 90 என்பது ஒலியைச் சுழல்வது போல ஆக்கும் எம்எக்ஸ்ஆர் பெடல். 1974ல் வந்த முதல் பெடல்களில் எம்எக்ஸ்ஆர் பெயர் கையெழுத்துப் பாணியில் இருந்தது. பிறகு கட்டம் கட்டமான எழுத்துக்கு மாறியபோது சர்க்யூட்டில் ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர் கூடுதலாக வந்தது, சுழற்சி கூர்மையாயிற்று. அந்த ஒரு ரெசிஸ்டரை வெட்டினால் பழைய இதமான குரல். எட்டி வான் ஹேலன் பெயரில் வந்த ஃபேஸ் 90ல் இரண்டுக்கும் நடுவே மாற ஒரு பட்டனே இருக்கிறது.

கிளான் செண்டாரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

நல்ல பெடல். பில் ஃபினிகன் 1994 முதல் 2000களின் கடைசி வரை சுமார் 8000 மட்டும் கையால் செய்தார். இன்று ஒன்றின் விலை பல ஆயிரம் டாலர். சர்க்யூட்டை யாரும் பார்க்கக் கூடாது என்று உள்ளே எபாக்சி ஊற்றியிருந்தார். அது பிறகு பிரிக்கப்பட்டு, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 9 வோல்ட்டை உள்ளேயே ஏற்றி இரு மடங்கு இடம் தருவதும், சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் நல்ல பஃபரும், சுத்த ஒலியையும் கரகரப்பையும் ஒரே நாப்பில் கலப்பதும் அதன் கெட்டிக்காரத்தனம்.

உள்ளே இரண்டு ஜெர்மானியம் டயோடு உண்டு. அவற்றுக்கு மந்திர சக்தி உண்டென்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வடிவமைத்தவரே பின்னால் கேடிஆர் என்ற சின்னப் பெட்டியை, அதே டயோடுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நுண்ணிய பாகங்களில் செய்து, ஒலி ஒன்றுதான் என்று சொல்லி விற்றார். பெடலைச் சுற்றி எழுந்த ஆரவாரத்துக்குத் தான் காரணமல்ல என்ற பொருளில் ஒரு வரியை அதன் மேலேயே அச்சிட்டார். செய்தவர் சொல்வதை நான் நம்புகிறேன். செண்டார் ஒரு அழகான கைவினைப் பொருள், வைத்திருப்பதில் சந்தோஷம் உண்டு. ஒலிக்காக மட்டும் வாங்குவதென்றால் அந்த விலை தேவையில்லை.

பழைய பெடலில் கெப்பாசிட்டரை மாற்றினால் மதிப்பு போய்விடுமா?

சேகரிப்பவர்கள் கண்ணில் கொஞ்சம் போகும். வாசிப்பவர் கண்ணில் ஏறும். எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் மட்டும்தான் காலத்தால் உலர்ந்து சாகும். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் 'உம்ம்' என்ற இரைச்சல் கூடியிருந்தால், அடிக்குரல் மெலிந்திருந்தால் முதல் சந்தேகம் அவற்றின் மேல். மற்ற ஃபிலிம் கெப்பாசிட்டர்களைத் தொட வேண்டாம்.

கழற்றிய பாகத்தை ஒரு சின்ன ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி பெடலோடு வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குகிறவர் உங்களை வாழ்த்துவார். பற்றவைப்புக் கம்பியில் ஒன்று கவனியுங்கள்: பழையது ஈயம் கலந்தது. 2006ல் ஐரோப்பியச் சட்டம் வந்த பிறகுதான் ஈயமில்லாதது பரவியது. பழையதைப் பழுது பார்க்க ஈயம் கலந்ததையே பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது?

பின்மூடியைத் திறக்க ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்காதீர்கள். இதில் எனக்குச் சமரசமே இல்லை. ஒரு முறை, உள்படம் அனுப்பத் தயங்கிய ஒருவரிடம் ஆசையில் பணம் கட்டினேன். வெளிப்பெட்டி 1970களுடையது, உள்ளே நேற்றுப் பற்றவைத்த பலகை.

திறந்ததும் நாப்புகளுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கப் பெடல்களில் அங்கே ஓர் எண் குத்தியிருக்கும். 1377342 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளர், 73 வருடம், 42 அந்த வருடத்தின் வாரம். அதாவது 1973 அக்டோபர் வாக்கில் செய்த பாகம். பெடல் அதற்குப் பிறகுதான் செய்யப்பட்டிருக்க வேண்டும், முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது. சிப்புகளின் மேலும் இப்படி வருடமும் வாரமும் இருக்கும். எல்லாப் பாகத்தின் தேதியும் ஓரிரு வருடத்துக்குள் கூடி வந்தால் நம்பலாம். பற்றுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பழையவை மங்கி, ஒரே நிறமாக இருக்கும். ஒன்றிரண்டு மட்டும் பளபளத்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தனிப் பாகம் வாங்குவதிலும் ஏமாற்று உண்டு. என்கேடி275 என்று பெயரை மட்டும் அச்சிட்ட வேறு டிரான்சிஸ்டர்கள் சந்தையில் வந்திருக்கின்றன. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அள்ளி வாங்கினாலும் சரி, வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும் சரி, மீட்டரில் கசிவையும் பெருக்கத்தையும் அளந்து பார்க்காமல் பற்றவைக்காதீர்கள்.

பழைய பெடலுக்கு என் அடாப்டர் சேருமா?

முதலில் துருவத்தைப் பாருங்கள். பிஎன்பி வகை (மின்சாரம் எதிர்த் திசையில் ஓடும்) ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ்களில் பாசிட்டிவ்தான் தரை. அதை மற்ற பெடல்களோடு ஒரே டெய்சி செயினில் (ஒரே அடாப்டரிலிருந்து பல பெடலுக்குப் பிரியும் கம்பி) மாட்டினால் இரண்டு தரையும் மோதி ஷார்ட் ஆகும். அதற்குத் தனி பேட்டரிதான் பாதுகாப்பு.

1980களின் பாஸ் பெடல்களில் 'ஏசிஏ' என்று எழுதியிருந்தால் அது வேறு வகை அடாப்டருக்காகச் செய்தது. இன்றைய 9 வோல்ட் அடாப்டரைத் தனியாக மாட்டினால் உள்ளே வோல்டேஜ் குறைந்து, எல்இடி மங்கி, ஒலி சோர்ந்துவிடும். 'பழைய பெடல் கெட்டுப்போச்சு' என்று என்னிடம் வந்தவற்றில் சில இப்படிப் பட்டினி கிடந்தவை, பேட்டரி போட்டதும் எழுந்து உட்கார்ந்தன. ஜப்பானிலிருந்து பெடலோடு வந்த அடாப்டர் 100 வோல்ட்டுக்கானதாக இருக்கும். நம் 230 வோல்ட் சுவரில் செருகாதீர்கள்.

வீட்டில் நானே இரண்டையும் நியாயமாக ஒப்பிட வேண்டும். எப்படி?

முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். காது, கொஞ்சம் சத்தமாக இருப்பதை 'நன்றாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். ஃபோனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போதும்.

அடுத்தது, நாப்புகளின் நிலையை நம்பாதீர்கள். இரண்டிலும் 12 மணிக்கு வைத்துவிட்டு ஒப்பிட்டேன் என்பார்கள். பொட்டென்ஷியோமீட்டர்கள் ஒன்றுபோல் இருக்காது என்று மேலே சொன்னேன். ஒரு முறை என் டிஎஸ்9ஐ 12 மணியில் வைத்து, நண்பரின் 1980களின் பெடலை அதோடு சேர்க்க முயன்றோம். பழையதன் டிரைவை ஒன்றரை மணி வரை நகர்த்திய இடத்தில் இரண்டும் சட்டென்று ஒன்றாயின. அதுவரை அரை மணி நேரம் பழையது எவ்வளவு மென்மை என்று நாங்கள் வியந்துகொண்டிருந்தோம். அந்த மென்மை பொட்டென்ஷியோமீட்டரின் விலகல்தான்.

லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெடல்) இருந்தால் ஒரே வரியை வாசித்துப் பதிவு செய்து, அதையே இரண்டு பெடலுக்கும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் விரல்தான் மாறும், பெடல் அல்ல. ஃபஸ்ஸுக்கு மட்டும் இந்த முறை சரிவராது. ஃபஸ் ஃபேஸ் கிட்டாரின் பிக்கப்போடு நேரடியாகக் கைகோத்து வேலை செய்கிறது, நடுவில் லூப்பரோ பஃபரோ வந்தால் குரல் மாறிவிடும். அதைக் கிட்டாரிலிருந்து நேராகச் செருகி வாசித்தே பாருங்கள். கடைசியாக, எது எது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லுங்கள். பத்து முறையில் ஏழெட்டு முறையாவது சரியாகச் சொல்ல முடியாவிட்டால், மலிவானதை வைத்துக்கொண்டு மீதிக் காசில் நல்ல கம்பிகளும் கேபிளும் வாங்குங்கள்.

அப்படியானால் நீங்கள் ஏன் பழைய பெடல் வைத்திருக்கிறீர்கள்?

ஒன்று வைத்திருக்கிறேன், ஜெர்மானியம் ஃபஸ். பல பீஸ்களைக் கேட்டு, அதில் ஒன்று கிட்டாரின் வால்யூமை 5க்கு இறக்கியபோது என்னை நிறுத்திவிட்டது. அந்தக் குணம் புதியதில் வராது என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்த சேர்க்கை அதில் மட்டும் இருக்கிறது, அவ்வளவுதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் இருக்க மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு வைக்கிறேன். வைக்கும் முன் பேட்டரியைக் கட்டாயம் கழற்றிவிடுகிறேன், கசிந்தால் செம்புத் தடத்தை அரித்துவிடும். மாதம் ஒரு முறை எடுத்து, நாப்புகளை இரண்டு பக்கமும் இருபது முறை திருப்பி, ஜாக்கில் கேபிளை நாலைந்து தடவை செருகி எடுக்கிறேன். வெளி மேடைக்கு எடுத்துப் போவது சிலிக்கான் ரீஇஷ்யூ.